டிரக் எஞ்சினைப் பழைய படகில் மாட்டினால் ஓடுமா?

கேள்வி இது. மிச்சிகனில் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவர் 1989 மாடல் ஸ்டெர்ன்டிரைவ் படகு (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்சுவருக்கு வெளியே இருக்கும் வகை) ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறார். உள்ளே மெர்க்ரூஸர் நிறுவனத்தின் 5.7 லிட்டர் வி8, பின்னால் ஆல்ஃபா ஒன் டிரைவ். முன்பு வைத்திருந்தவர் குளிர்காலத்துக்கு முன் எஞ்சினிலிருந்து தண்ணீரை வடிக்காமல் விட்டதில் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல், விரிசல் விட்டுவிட்டது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டில் 1997 செவர்லே பிக்கப்பின் 5.7 வோர்டெக் எஞ்சின் குறைந்த விலைக்கு வருகிறது. அதைத் தூக்கி மாட்டலாமா, என்னென்ன மாற்ற வேண்டும்?

மாட்டலாம், ஓடும். ஆனால் டிரக்கிலிருந்து கழற்றிய கோலத்தில் அப்படியே மாட்டக்கூடாது. பிளாக், கிராங்க், பிஸ்டன், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) ஆகிய இவ்வளவையும்தான் டிரக்கிலிருந்து எடுக்க வேண்டும். கடைக்காரர்கள் இதை லாங் பிளாக் என்பார்கள். அதன்மேல் தொங்கும் மற்ற எல்லாமே படகுக்கு என்று செய்ததாக இருக்க வேண்டும்.

மெர்க்ரூஸர் இந்த வி8 பிளாக்கைத் தானே வார்க்கவில்லை, ஜெனரல் மோட்டார்ஸிடம் வாங்கியது. 1955-இல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் குடும்பம்தான் இது. 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர் அளவு 1967-இல் வந்தது. படகு எஞ்சினின் இரும்பு தனி ரகம், நிக்கல் கலந்தது, துருப்பிடிக்காது என்றெல்லாம் சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். வார்ப்பு ஒன்றுதான். சுழலும் திசையும் ஒன்றுதான்: ஒரே எஞ்சின் உள்ள ஸ்டெர்ன்டிரைவ் படகில் எஞ்சின் கார் எஞ்சின் சுற்றும் பக்கமே சுற்றும்.

எஞ்சினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. படகின் பின்சுவர், அதாவது டிரான்சம், நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்துப் படகுகளில் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸுக்கு நடுவே பிளைவுட் வைத்திருப்பார்கள். எஞ்சினைத் தாங்கும் நீளக் கட்டைகளும் அப்படித்தான். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று கேட்கும், உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். பின்சுவர் உளுத்திருந்தால் எஞ்சின் பேச்சையே எடுக்காதீர்கள். அந்தப் படகுக்கு இலவசமாக எஞ்சின் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

சரி, படகு நல்ல படகு என்றே வைத்துக்கொள்வோம். டிரக்கின் மேல்சாமான்களை ஏன் வேண்டாம் என்கிறேன்? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. டிரக்கில் எஞ்சினுக்குக் கீழே திறந்த வெளி, கசிந்த ஆவி கீழே போய்க் காற்றில் கலந்துவிடும். படகில் கீழே போக வழியே கிடையாது. கசிந்தது எல்லாம் பில்ஜ் என்கிற அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். அங்கே ஒரு பொறி போதும். அதனால்தான் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகள், பெட்ரோல் எஞ்சின் இருக்கும் அறையிலுள்ள மின்சாதனங்கள் சுற்றியிருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர்வது) மூன்றும் இதில் அடங்கும். கடையில் கார் ஆல்டர்னேட்டரையும் படகு ஆல்டர்னேட்டரையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே இருக்கும், விலை மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பார்க்கலாம்.

எரிபொருள் பக்கமும் இதே கதைதான். கார் கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும். படகு கார்புரேட்டரில் காற்றோட்டக் குழாய்கள் உள்பக்கமாகவே வளைந்திருக்கும், வழிந்தால் எஞ்சினுக்குள்ளேயே போகும். படகின் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பிலும் ஒரு சின்னக் குழாய் கார்புரேட்டருக்குப் போகும். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் பில்ஜில் கொட்டாமல் அந்த வழியாகப் போய்விடும், குழாயில் பெட்ரோல் தெரிவதை வைத்துப் பம்ப் போய்விட்டது என்று நீங்களும் கண்டுபிடிக்கலாம். கார்புரேட்டரின் வாயில் ஏர் ஃபில்டருக்குப் பதிலாக ஃப்ளேம் அரெஸ்டர் இருக்கும். எஞ்சின் பின்னடித்தால் தீப்பிழம்பு வெளியே வராமல் தடுப்பது அது. 1940 ஏப்ரலுக்குப் பிறகு மாட்டிய பெட்ரோல் எஞ்சின்களுக்கு அமெரிக்காவில் இது கட்டாயம், படகுக்கு வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு மட்டும் விலக்கு. இந்தச் சாமான்கள் எல்லாம் உங்கள் வெடித்த எஞ்சினிலேயே இருக்கின்றன. அதனால் பழைய எஞ்சினை முதலில் விற்றுவிடாதீர்கள். கழற்றும்போது ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து, ஒயர்களுக்குச் சீட்டுக் கட்டிவிடுங்கள்.

இப்போது 1997 எஞ்சினுக்கு வருவோம். உங்கள் அதிர்ஷ்டம், இரண்டும் 1986-க்குப் பிந்தையவை. அந்த ஆண்டில்தான் கிராங்கின் பின் ஆயில் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டாக மாறியது. கூடவே ஃப்ளைவீல் (கிராங்கின் பின்முனையில் இருக்கும் கனமான சக்கரம்) போல்ட் வட்டமும் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகச் சுருங்கியது, பின்பக்கச் சமநிலை எடையும் கிராங்கிலிருந்து ஃப்ளைவீலுக்குப் போய்விட்டது. உங்கள் படகின் ஃப்ளைவீல் இந்த டிரக் கிராங்கில் நேராக உட்காரும். 1986-க்கு முந்தைய படகு வைத்திருப்பவர் இதே எஞ்சினை வாங்கினால் ஃப்ளைவீலையும் சேர்த்து வாங்க வேண்டும். ஸ்டார்ட்டர் உட்காரும் இடத்தில் உங்கள் பெரிய ஃப்ளைவீலுக்கு ஏற்ற போல்ட் ஓட்டைகள் பிளாக்கில் இருக்கின்றனவா என்று யார்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பொருந்தாத சாமானும் உண்டு. முதலாவது இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது காற்றும் பெட்ரோலும் சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்த் தொகுதி. 1996-இல் வந்த வோர்டெக் ஹெட்டுக்கு எட்டு போல்ட், உங்கள் பழையதற்குப் பன்னிரண்டு. பழையது உட்காரவே உட்காராது. டிரக்கின் சொந்த இன்டேக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் படகுக்கு ஆகாது, கழற்றி வைத்துவிடுங்கள். வோர்டெக் ஹெட்டுக்கென்று படகுக்காகச் செய்த கார்புரேட்டர் இன்டேக் தனியாகக் கிடைக்கும், அதை வாங்க வேண்டும். சாதாரண அலுமினிய கார் இன்டேக் போட்டால் நல்ல தண்ணீரில் கொஞ்ச காலம் ஓட்டலாம், உப்புத் தண்ணீரில் சீக்கிரமே அரித்துவிடும்.

இரண்டாவது பெட்ரோல் பம்ப். பழைய ஸ்மால் பிளாக்கில் மெக்கானிக்கல் பம்ப் மாட்ட முன்பக்கம் வலது ஓரத்தில் ஒரு இடம் இருக்கும். டிரக் வோர்டெக் பிளாக்குகளில் பொதுவாக அது துளைக்கப்படாமலே இருக்கும். அப்படியானால் படகுக்கான எலெக்ட்ரிக் பம்ப் வேண்டும். அதை இக்னிஷன் சாவியோடு நேரடியாக இணைக்கக்கூடாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதும் ஓடும்போதும் மட்டுமே பம்ப் ஓடலாம் என்பது விதி. ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக ஒயர் கொடுத்தால், எஞ்சின் நின்றதும் பம்பும் நின்றுவிடும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. வோர்டெக் டிரக்கில் இருப்பது ரோலர் கேம், அது ஸ்டீல். உங்கள் படகின் தண்டர்போல்ட் டிஸ்ட்ரிபியூட்டர் பழைய வகைக் கேமுக்காகச் செய்தது, அதன் அடிப் பல்சக்கரம் சாதாரண வார்ப்பிரும்பு. இரண்டையும் ஜோடி சேர்த்தால் பல் தேய்ந்து, டைமிங் (பொறி விழும் நேரம்) தள்ளாடி, இரும்புத்தூள் ஆயிலில் கலக்கும். ரோலர் கேமுக்கு ஏற்ற, மெலனைஸ் செய்த, அதாவது மேற்பரப்பைக் கடினமாக்கிய, பல்சக்கரத்தை டிஸ்ட்ரிபியூட்டரில் மாற்றிவிடுங்கள். ஒரு பின்னைத் தட்டி எடுத்து மாற்றுகிற வேலைதான்.

அதற்காக டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஏதாவது மாட்டலாமே என்று யாராவது சொன்னால், ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். ஆல்ஃபா டிரைவில் கியர் விடுபடுவதற்கு, இக்னிஷனை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் அறுத்துவிடும் சுவிட்ச் ஒன்று ஷிஃப்ட் கேபிள் தட்டில் இருக்கிறது. எஞ்சின் லேசாகத் திணறும் அந்தக் கணத்தில்தான் கியரின் பற்கள் விடுபடும். பழைய இக்னிஷனை அப்படியே வைத்துக்கொண்டால் இது தானாக வேலை செய்யும். வேறு இக்னிஷனுக்கு மாறும்போது இந்த ஒயரை மறந்துவிட்டால், படகுத்துறையை நெருங்கும்போது நியூட்ரல் விழாது. முட்டிய பிறகுதான் காரணம் புரியும்.

குளிரூட்டும் பக்கத்தில், டிரக்கின் வாட்டர் பம்ப் வேண்டாம். படகு பம்பின் பின்தட்டும் சீலும் ஏரித் தண்ணீரைத் தாங்குவதற்காகச் செய்தவை. பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டமான ஃப்ரீஸ் பிளக்குகள் டிரக்கில் இரும்பு. எஞ்சின் வெளியே இருக்கும்போதே பித்தளையாக மாற்றிவிடுங்கள், பிறகு கை நுழையாது. தெர்மோஸ்டாட் டிரக்கில் 195 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 91 செல்சியஸ். வெளித்தண்ணீரை நேராக ஓடவிடும் பழைய மெர்க்ரூஸரில் 143 டிகிரி, ஏறக்குறைய 62 செல்சியஸ். சூடான இரும்பில் தண்ணீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் படியும் என்பதால்தான் இவ்வளவு குறைவு. உங்கள் படகின் தெர்மோஸ்டாட்டை அதன் ஹவுசிங்கோடு முழுசாக எடுத்து இதில் மாட்டிவிடுங்கள்.

நீங்கள் ஏரியில் ஓட்டுவதால் ஏரித் தண்ணீரை நேராக எஞ்சினுக்குள் விடலாம், பாதகமில்லை. ஃப்ளோரிடாவில் கடலில் ஓட்டுபவர் என்றால் இந்த இடத்தில் வேறு பதில் சொல்வேன்: ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல் தண்ணீரால் கூலன்டைக் குளிர்விப்பது) வைத்து, எஞ்சினுக்குள் கூலன்ட் மட்டும் சுற்றும்படி செய்துவிடுங்கள். இதுவரை உப்பைப் பார்க்காத டிரக் பிளாக்கை மாட்டும் நாள்தான் அதைச் செய்யச் சரியான நாள். உள்ளே ஏற்கெனவே உப்பும் துருவும் ஏறிய பழைய பிளாக்கில் அந்தச் செலவு வீண்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படி மாற்றிய எஞ்சின்கள் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான். படகின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரட்டைச் சுவர் கொண்டது. உள்ளே புகை, சுற்றிலும் தண்ணீர். அதற்கு மேலே இருக்கும் ரைசரில்தான் தண்ணீரும் புகையும் கலந்து பின்னால் வெளியேறும். உள்சுவரில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் போதும், எஞ்சினை நிறுத்திய பிறகு தண்ணீர் மெல்ல இறங்கித் திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போய்விடும். மறுநாள் ஸ்டார்ட் செய்தால், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். உங்கள் பிளாக்கை வெடிக்க வைத்த அதே பனிதான் அந்த மேனிஃபோல்டுகளையும் தாக்கியிருக்கிறது. தண்ணீர் உறையும்போது கன அளவில் 9 சதவீதம் பெருகும், எங்கெல்லாம் தேங்கியிருந்ததோ அங்கெல்லாம் தள்ளும். அதனால் பார்த்துத் திருப்திப்படாமல், பட்டறையில் கொடுத்துப் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். கடலில் ஓடிய படகாக இருந்தால் டெஸ்ட்கூட வேண்டாம். அங்கே வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் ஆயுள் சில வருடங்கள்தான், புதிதாக வாங்கிவிட வேண்டும். டிரக்கின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் போடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சிவக்கச் சூடாகும் இரும்பை மூடிய ஃபைபர் கிளாஸ் பெட்டிக்குள் வைப்பது பற்றி நான் என்ன சொல்ல! உங்கள் படகு மேனிஃபோல்டுகளே வோர்டெக் ஹெட்டில் உட்காரும், போல்ட் அமைப்பு மாறவில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது தண்ணீர் வடிக்கும் ஓட்டை. பிளாக்கின் இரண்டு பக்கமும் ஆயில் பேனுக்குச் சற்று மேலே ஒவ்வொன்று இருக்கும். சில டிரக் பிளாக்குகளில் அந்த ஓட்டையில் நாக் சென்சார் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பதை உணர்வது) உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் கையால் திறக்கக்கூடிய பித்தளை வால்வு போட்டுக்கொள்ளுங்கள். வடிக்கும்போது வால்வைத் திறந்ததும் தண்ணீர் வந்தது, நின்றது என்று விட்டுவிடக்கூடாது. துரும்பும் மணலும் அடைத்துக்கொண்டு உள்ளே பாதித் தண்ணீர் நிற்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். மிச்சிகன் குளிரில் வெடிக்கும் பிளாக்குகளில் பல, வடித்துவிட்டேன் என்று நம்பியவர்களுடையவை.

டிரக் கேம் பற்றிப் பயம் வேண்டாம். படகில் புகை ஈரமாக வெளியேறுவதால், இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகமான ரேஸ் கேம்கள் ஐடிலில் தண்ணீரைப் பின்னோக்கி உறிஞ்சிவிடும். சாதாரண டிரக் கேமில் அந்தச் சிக்கல் கிடையாது. கையோடு கொஞ்சம் பவர் ஏற்றலாமே என்று கேம் மாற்றப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

யார்டில் எஞ்சினைப் பார்க்கும்போது எண்ணெயை முதலில் பாருங்கள். இந்த வோர்டெக் எஞ்சின்களில் இன்டேக் கேஸ்கெட் கசிந்து கூலன்ட் ஆயிலில் கலப்பது பழைய நோய். ஆயில் மூடியின் அடியில் பால்காபி நிறத்தில் பசை இருந்தால் வேறு எஞ்சின் தேடுங்கள், பேரிங் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். ஹெட்டில் 906 அல்லது 062 என்று முடியும் வார்ப்பு எண் இருக்கும். நன்றாக மூச்சு விடும் ஹெட்கள்தான், ஆனால் ஒருமுறை சூடேறிவிட்டால் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விடும் பழக்கம் உண்டு. முடிந்தால் ஹெட்டைக் கழற்றி விரிசல் டெஸ்ட் செய்து, படகுக்கான ஹெட் கேஸ்கெட் போட்டு மூடுங்கள். ஹெட் போல்ட்கள் தண்ணீர் ஓடும் அறைக்குள் இறங்குபவை, மரையில் சீலன்ட் பூச மறக்கக்கூடாது. நெடுஞ்சாலையில் டிரக் 2000 ஆர்பிஎம்மில் சும்மா உருளும். படகு தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடும்போது எஞ்சின் முழு நேரமும் மலை ஏறிக்கொண்டிருக்கிறது, 3500-க்கு மேலேயே நிற்கும். பாதி தேய்ந்த எஞ்சின் டிரக்கில் பல வருடம் ஓடலாம், படகில் ஒரு சீசன்கூடத் தாங்காது. அதனால் கம்ப்ரெஷன் டெஸ்ட் இல்லாமல் வாங்காதீர்கள்.

இன்னொரு வழி, ஏற்கெனவே பழுதுபார்த்துத் தயாராக விற்கும் மரைன், அதாவது படகுக்கான, லாங் பிளாக். டிரக் எஞ்சினைவிட விலை கூடுதல். பித்தளை பிளக், சரியான கேஸ்கெட் எல்லாம் போட்டே வரும், உத்தரவாதமும் உண்டு. டிரக்குக்கான ரீபில்ட் எஞ்சினுக்கும் உத்தரவாதம் தருவார்கள், ஆனால் படகில் போட்டால் பெரும்பாலும் அது செல்லாது. யார்டு எஞ்சினுக்கு ஹெட் வேலை, இன்டேக், பம்ப், கேஸ்கெட் என்று கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் சிறியதாக இருந்தால் நான் மரைன் பிளாக்கையே எடுப்பேன்.

1999-க்குப் பிறகு வந்த 5.3 லிட்டர் டிரக் எஞ்சின் யார்டுகளில் குவிந்து கிடக்கிறதே, அது ஆகாதா என்ற கேள்வியும் அடுத்து வரும். எஞ்சின் அருமையானது. ஆனால் மவுன்ட், எக்ஸாஸ்ட் போல்ட் அமைப்பு, கிராங்கின் பின்முனை இருக்கும் இடம், இக்னிஷன் எல்லாமே வேறு. உங்கள் பழைய சாமான் எதுவும் உதவாது. படகுக்கான மேனிஃபோல்டு வாங்கும்போதே எஞ்சினில் மிச்சம் பிடித்தது போய்விடும். கம்மின்ஸ் 5.9 டீசல் வைக்கலாமா என்பவர்களுக்கு: எஞ்சின் மட்டுமே அரை டன், அதன் டார்க்கை ஆல்ஃபா டிரைவ் தாங்காது. நான்கு சிலிண்டர் 3.0 இருந்த படகில் வி8 வைக்கும் ஆசையும் இப்படித்தான். அந்த டிரைவின் கியர் விகிதம் ஏறக்குறைய 2-க்கு 1, வி8-இன் டிரைவ் 1.5-க்கு 1. டிரைவையும் மாற்ற வேண்டிவரும்.

எஞ்சின் வெளியே இருக்கும் அந்த வாரம்தான் டிரான்சமின் உள்பக்கத்தை வசதியாகத் தொடக்கூடிய ஒரே சமயம். கிம்பல் பேரிங் (டிரைவ் தண்டைத் தாங்குவது), யூ-ஜாயின்ட் (தண்டின் மடங்கும் மூட்டு), ரப்பர் பெல்லோஸ் (அந்த மூட்டை மூடும் உறை) மூன்றையும் மாற்றிவிடுங்கள். பெல்லோஸ் கிழிந்தால் தண்ணீர் நேராகப் படகுக்குள் வரும், கட்டி வைத்த இடத்திலேயே படகு மூழ்கும். ஃப்ளைவீலையும் டிரைவ் தண்டையும் இணைக்கும் கப்ளரின் ரப்பரும் உள்பற்களும் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டிரைவில் இருக்கும் தண்ணீர் பம்பின் இம்பெல்லரைக் கேட்கவே வேண்டாம், புதிது போடுங்கள்.

எஞ்சினை இறக்கியபின் அலைன்மென்ட், அதாவது எஞ்சினும் டிரைவும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. இதற்கென்று நீளமான இரும்புக் கம்பி இருக்கிறது, வாடகைக்கும் கிடைக்கும். வெளியிலிருந்து கிம்பல் பேரிங் வழியாகக் கப்ளருக்குள் அது இரண்டு விரல் பலத்தில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நுனியில் கிரீஸ் தடவி விட்டு எடுத்தால் பற்களின் அச்சு விழுந்திருக்கும். சுற்றிலும் ஒரே ஆழமாக இருந்தால் சரி, ஒரு பக்கம் மட்டும் அழுத்தமாக இருந்தால் முன் மவுன்ட் நட்டைத் திருகி ஏற்றவோ இறக்கவோ வேண்டும். சுத்தியலால் அடித்துச் செருகினால் அன்றைக்கு வேலை முடியும், அடுத்த வருடம் கப்ளர் போகும்.

டைமிங்கை ஐடிலில் 8 டிகிரி முன்னதாக வைத்துத் தொடங்குங்கள். வோர்டெக் ஹெட் கலவையை வேகமாக எரிக்கும், கம்ப்ரெஷனும் 9.4-க்கு 1. அதனால் கார்க்காரர்கள் போல டைமிங்கை இன்னும் முன்னால் தள்ளிப் பார்க்காதீர்கள். படகில் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே நாக் சத்தம் காதில் விழாது, பிஸ்டன் ஓட்டையான பிறகுதான் தெரியும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ப்ளோயரை, அதாவது பில்ஜ் காற்றை வெளியே தள்ளும் விசிறியை, 4 நிமிடம் ஓடவிட்டு, மூக்கை பில்ஜில் வைத்து மோந்து பாருங்கள். டிரைவில் தண்ணீர்க் குழாய் மாட்டி ஐடிலில் ஓட்டிக் கசிவு பார்க்கலாம். கரையில் வைத்து ஆக்ஸிலரேட்டரை முறுக்க வேண்டாம்.

கடைசியாகப் புரொப்பெல்லர். முழு த்ராட்டிலில் எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்று தண்ணீரில் பாருங்கள். இந்த 5.7-க்கு 4400 முதல் 4800 வரை வந்தால் சரி. வோர்டெக் ஹெட் கொஞ்சம் கூடுதல் பலம் தருவதால் 4800-ஐத் தாண்டலாம், அப்போது பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதிகமான புரொப்பெல்லர் வேண்டும். ஒரு அங்குலம் பிட்ச் கூட்டினால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் குறையும். 4400-ஐயே தொடவில்லை என்றால் பிட்சைக் குறையுங்கள், இல்லாவிட்டால் நல்ல எஞ்சினும் மூச்சுத் திணறியே ஓடும். இருவர் உட்கார்ந்து பார்த்தால் போதாது. வழக்கமாக ஏறும் ஆட்கள் எல்லோரையும் ஏற்றி, டாங்க்கை நிரப்பி ஓட்டிப் பார்த்துத்தான் பிட்சை முடிவு செய்ய வேண்டும்.